வலம்புரியா, இடம்புரியா? - சூரியனின் ரேடியோ வெடிப்புகள்

1942 பிப்ரவரி. இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். அந்த மாதம் 12ஆம் தேதி ஷார்ன்ஹார்ஸ்ட், நைசெனவ் என்ற இரண்டு ஜெர்மன் போர்க்கப்பல்கள் பட்டப்பகலில் ஆங்கிலக் கால்வாய் வழியாகத் தப்பிப் போய்விட்டன. பிரிட்டனின் கடற்கரை ரேடார்களை ஜெர்மானியர்கள் ரேடியோ இரைச்சலால் குருடாக்கியதும் அதற்கு ஒரு காரணம். பிரிட்டனுக்குப் பெரிய அவமானம்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, 26, 27, 28 தேதிகளில், நாட்டின் பல மூலைகளில் இருந்த விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் ரேடார்களிலும் இரைச்சல். 4 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரையிலான அலைநீளத்தில் எதுவுமே தெரியவில்லை. எதிரி புதிதாக ஏதோ கருவி கண்டுபிடித்துவிட்டான், அடுத்து குண்டுவீச்சுதான் என்று எல்லோரும் பயந்தார்கள். ஆனால் ஒரு விமானம்கூட வரவில்லை!

விசாரிக்கும் வேலை ஜேம்ஸ் ஸ்டான்லி ஹே என்ற இயற்பியலாளரிடம் வந்தது. ராணுவ ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர். ஒவ்வொரு நிலையத்திலும் இரைச்சல் எந்தத் திசையில் அதிகம் என்று குறித்திருந்ததை வாங்கிப் பார்த்தார். அந்தத் திசை ஒரே இடத்தில் நிற்கவில்லை. காலையில் கிழக்கு, மாலையில் மேற்கு. அதாவது சூரியனோடு சேர்ந்து நகர்ந்தது. கிரீனிச் வானாய்வகத்தைக் கேட்டார். பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று அப்போதுதான் சூரிய வட்டின் நடுவைக் கடக்கிறது என்றார்கள். விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை வெளியே சொல்ல முடியவில்லை.

ரேடாரைக் குருடாக்கியது எதிரியா, சூரியனா? இந்தக் கேள்வி அதோடு முடியவில்லை. 1967 மே 23 அன்று கிரீன்லாந்து, அலாஸ்கா, இங்கிலாந்து ஆகிய மூன்று இடங்களில் இருந்த அமெரிக்க ஏவுகணை எச்சரிக்கை ரேடார்கள் ஒரே சமயத்தில் முடங்கின. பனிப்போர்க் காலம். அந்த ரேடார்களை முடக்குவதே போர்ச் செயலாகக் கருதப்படும். அணு ஆயுத விமானங்களைத் தயார்படுத்தும் அளவுக்குப் போனார்கள். சூரியனைக் கவனித்துக்கொண்டிருந்த ராணுவ வானிலைக் குழு, இது சூரிய வெடிப்பு என்று உரிய நேரத்தில் சொன்னதால் விஷயம் அடங்கியது. இந்தக் கதை விரிவாக வெளியே வந்தது 2016இல்தான்.

சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலையைச் சரியாகப் படிக்கத் தெரிந்திருப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒரு நாள் போதும். சரி, அதை எப்படிப் படிப்பது? அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அலை எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்ப்பது. மற்றொன்று, அதன் நிறமாலையில் உள்ள நுணுக்கமான கோடுகளைப் பார்ப்பது.

சங்கும் அலையும்

பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தில் ‘தளவிளைவு’ என்று ஒரு பாடம் உண்டு. போலரைசேஷன் என்றால் எல்லோருக்கும் புரியும். ஜன்னல் கம்பியில் ஒரு கயிற்றைக் கட்டி மறுமுனையை மேலும் கீழும் ஆட்டினால், அலை ஒரே தளத்தில் ஓடும். அதுதான் நேர்கோட்டுத் தளவிளைவு. ஆட்டுவதற்குப் பதில் மணிக்கட்டைச் சுழற்றினால்? கயிற்றில் ஒரு திருகு ஓடும். அதுதான் வட்டத் தளவிளைவு. திருகு இரண்டு விதமாக இருக்கலாம், சங்கில் வலம்புரி, இடம்புரி இருப்பதைப் போல.

(இதில் ஒரு வேடிக்கை: ஒளியியல் புத்தகங்கள் பலவற்றில் அலை வருகிற திசையைப் பார்த்து நின்று வலம், இடம் சொல்கிறார்கள். ரேடியோ பொறியாளர்கள் அலை போகிற திசையைப் பார்த்து நின்று சொல்கிறார்கள். அதனால் ஒருவரின் வலம்புரி மற்றவருக்கு இடம்புரி! இந்தக் கட்டுரையில் ரேடியோக்காரர்களின் வழக்கம்தான்.)

1946 ஜூலை இறுதியில் சூரியனில் மறுபடியும் ஒரு பெரிய கரும்புள்ளிக் கூட்டம் தோன்றியது. அப்போது ஆஸ்திரேலியாவில் மார்ட்டின், கேம்பிரிட்ஜில் ரைலும் வான்பெர்கும், பிரிட்டனிலேயே தனியாக ஆப்பிள்டனும் ஹேயும் என்று மூன்று குழுக்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கண்டார்கள். கரும்புள்ளிக்கு மேலிருந்து வரும் ரேடியோ அலை வட்டத் தளவிளைவு கொண்டிருக்கிறது. சுழற்சியில் ஒரு பக்கம் மிக அதிகம், மறு பக்கம் மிகக் குறைவு.

இது ஏன் பெரிய விஷயம்? சாதாரணமாகச் சூடான ஒரு பொருள் வெளியிடும் அலையில் வலமும் இடமும் சரிபாதியாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் ஓங்குகிறது என்றால் அங்கே வேறு ஏதோ கைவரிசை காட்டுகிறது என்று அர்த்தம். அது காந்தப்புலம்.

காந்தப்புலத்தில் மாட்டிய எலக்ட்ரான் ஒரே ஒரு பக்கமாகத்தான் சுற்றும். அதே பக்கம் சுழலும் அலையை எலக்ட்ரான்கள் பிடித்துக்கொள்ளும், அதாவது அலையின் பயணத்தை அதிகம் பாதிக்கும். எதிர்ப்பக்கம் சுழலும் அலை ஓரளவு தப்பித்துப் போகும். முதலாவதற்கு ‘அசாதாரண அலை’ என்று பெயர், இரண்டாவது ‘சாதாரண அலை’. இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தாலும் ஒரே மாதிரி வெளியே வர முடியாது. காந்தப்புலம் நம்மை நோக்கி இருக்கிறதா, நம்மை விட்டு விலகி இருக்கிறதா என்பதைப் பொறுத்து, தப்பி வரும் அலை வலம்புரியா இடம்புரியா என்பது மாறும். ஆக, 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருந்துகொண்டு ஒரு ஆன்டெனாவை வைத்து அங்கே உள்ள காந்தத்தின் வடக்கு தெற்கைச் சொல்லிவிடலாம்!

இதன் அருமை புரிய வேண்டுமானால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கரும்புள்ளிகளில் காந்தப்புலம் உண்டு என்று ஹேல் 1908லேயே காட்டிவிட்டார். அங்கே அது சில ஆயிரம் காஸ் இருக்கும் (பூமியில் சுமார் அரை காஸ்). ஆனால் அது சூரியனின் கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பில். அதற்கு மேலே உள்ள கரோனா, பத்து லட்சம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் மெல்லிய வாயு. அதன் ஒளி மிக மங்கல், காந்தப்புலமும் அங்கே பலவீனம். ஹேலின் முறையை அங்கே பயன்படுத்துவது படுகஷ்டம். ஆனால் சூரியப் புயல்கள் பிறப்பது அங்கேதான்.

அதிர்வெண் என்றால் உயரம்

இப்போது இரண்டாவது வழி. கரோனா ஒரு பிளாஸ்மா. பிளாஸ்மாவில் எலக்ட்ரான்களைக் கொஞ்சம் அசைத்துவிட்டால் அவை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊஞ்சலாடும். அந்த அதிர்வெண் எலக்ட்ரான் நெருக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு கன சென்டிமீட்டரில் 10 கோடி எலக்ட்ரான்கள் இருந்தால் சுமார் 90 மெகாஹெர்ட்ஸ், நம் எஃப்.எம். பட்டைக்குள்ளேயே வருகிறது. நெருக்கம் கால்வாசியானால் அதிர்வெண் பாதியாகும்.

சூரியனை விட்டு மேலே போகப் போக நெருக்கம் குறையும். எனவே அதிக அதிர்வெண் என்றால் கீழே, குறைந்த அதிர்வெண் என்றால் மேலே. ரேடியோவில் ஸ்டேஷன் மாற்றுவது போல அதிர்வெண்ணை மாற்றிக்கொண்டே போனால் கரோனாவில் படியேறுவதற்குச் சமம்.

இதை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ரூபி பெய்ன்-ஸ்காட் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. 1947 மார்ச் 8 அன்று வந்த ஒரு பெரிய வெடிப்பை அவரும் யாப்ஸ்லி, போல்ட்டன் ஆகியோரும் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அதிர்வெண்களில் பதிவு செய்தார்கள். முதலில் 200இல் வந்தது, சில நிமிடம் கழித்து 100இல், மேலும் சில நிமிடம் கழித்து 60இல். ஏதோ ஒன்று கரோனாவைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறுகிறது! இவ்வளவு சாதித்தவருக்கு நடந்தது என்ன தெரியுமா? அந்தக் காலத்து ஆஸ்திரேலிய அரசு விதிப்படி மணமான பெண்கள் நிரந்தரப் பணியில் இருக்கக் கூடாது. அவர் 1944இல் செய்துகொண்ட திருமணத்தை வெளியே சொல்லாமலே வேலை பார்த்தார். 1950இல் அது வெளியே தெரிந்து நிரந்தரப் பணியை இழந்தார். 1951இல் குழந்தை பிறப்பதற்கு முன் ஆராய்ச்சியை விட்டே போய்விட்டார். பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தார். அந்த விதியை நீக்கியது 1966இல்.

மூன்று அதிர்வெண் போதாது, ஒரு பட்டை முழுவதையும் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று கருவி செய்தவர் அதே குழுவைச் சேர்ந்த பால் வைல்ட். 1949இல் சிட்னிக்கு அருகே பென்ரித் என்ற இடத்தில் 70 முதல் 130 மெகாஹெர்ட்ஸ் வரை பதியும் கருவியை வைத்தார். அடுத்த ஆண்டே வெடிப்புகளை வகை 1, வகை 2, வகை 3 என்று பிரித்தார். இன்றைக்கும் அதே பெயர்கள்தான்.

வகை 3 சில நொடிகளில் மேலிருந்து கீழாகச் சரியும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையான வேகத்தில் எலக்ட்ரான் கற்றை ஒன்று கரோனாவைத் துளைத்துப் போவதன் அடையாளம் அது. வகை 2 அதே சரிவை நிமிடக்கணக்கில் செய்யும், அது நொடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஏறும் அதிர்ச்சி அலை. வகை 1 மணிக்கணக்கில், நாள்கணக்கில் படபடவென்று பொரியும் இரைச்சல். இதில் வட்டத் தளவிளைவு சில சமயம் 100 சதவீதத்தை நெருங்கும்.

வரிக்குதிரையும் நாரும்

வைல்டின் கருவியில் ஒரு வெடிப்பு என்பது ஒரு தீற்றல். கருவிகள் கூர்மையாக ஆக, அந்தத் தீற்றலுக்குள்ளே இன்னொரு உலகமே இருப்பது தெரிய வந்தது. தூரத்தில் ஒரே பச்சையாகத் தெரியும் வயல் அருகே போனால் தனித்தனி நாற்றாகத் தெரிவது போல.

வகை 3இன் சரிவே சில சமயம் சின்னச் சின்னக் கோடுகளால் ஆன சங்கிலியாக இருந்தது. 1972இல் இதற்கு 3பி என்று தனிப் பெயரே வைத்தார்கள். கரோனாவின் நெருக்கம் சீராக இல்லை, அதில் மேடு பள்ளங்கள் உண்டு, எலக்ட்ரான் கற்றை அவற்றின் வழியே போகும்போது ஒளிர்வது கூடிக் குறைகிறது என்பது விளக்கம். இன்னொரு வகையில் நார் நாராகக் கோடுகள் சாய்ந்து ஓடும். வேறொன்றில் ஆயிரத்தில் சில பத்துப் பங்கு நொடி மட்டுமே நீடிக்கும் ஊசிமுனைத் துடிப்புகள் ஆயிரக்கணக்கில் கொட்டும்.

எல்லாவற்றிலும் அழகானது வரிக்குதிரைக் கோலம். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நார்வேயைச் சேர்ந்த எல்காராய் முதன்முதலில் கவனித்தது. பல இணைகோடுகள் வளைந்து நெளிந்து சேர்ந்தே ஓடும். பெயரும் அதிலிருந்தே வந்தது.

ஏன் இப்படி வரி வரியாக வருகிறது? பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது. பிளாஸ்மாவில் எலக்ட்ரானுக்கு இரண்டு தாளங்கள். ஒன்று நெருக்கத்தைப் பொறுத்த ஊஞ்சல். மற்றொன்று காந்தப்புலத்தைச் சுற்றிவரும் சுற்று. உயரம் மாற மாற இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் மாறும். ஏதோ ஒரு உயரத்தில் முதல் தாளம் இரண்டாவதின் சரியாக 8 மடங்காக இருக்கும், சற்றுத் தள்ளி 9 மடங்கு, அப்புறம் 10. இப்படி இரண்டு தாளமும் ஒத்துப்போகும் இடங்களில் மட்டும் அலை பலமாகப் பிறக்கும். ஒவ்வொரு இடமும் ஒரு வரி. எனவே வரிகளின் இடைவெளியை அளந்தால் காந்தப்புலத்தின் பலம் தெரிந்துவிடும். திசையைச் சுழற்சி சொல்கிறது, பலத்தை வரிகள் சொல்கின்றன. இரண்டு வழியும் இங்கே ஒன்று சேர்கின்றன.

2006 டிசம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் மூன்று ஆன்டெனாக்களை இணைத்து ஒரு வரிக்குதிரைக் கோலத்தைப் பிடித்தார்கள். ஒவ்வொரு வரியும் சூரியனில் சற்றுத் தள்ளித் தள்ளி வெவ்வேறு இடத்திலிருந்து வந்தது என்று காட்ட முடிந்தது. மேலே சொன்ன விளக்கத்துக்கு அது நல்ல சாட்சி. கணக்கிட்ட காந்தப்புலம் சில பத்து காஸ்.

ஜி.பி.எஸ். தடுமாறிய நாள்

அதே கரும்புள்ளிக் கூட்டம் எட்டு நாள் முன்னால் செய்த வேலைதான் பெரிய கதை. 2006 டிசம்பர் 6. சூரியனின் பதினோரு ஆண்டுச் சுழற்சி அடங்கிக்கொண்டிருந்த காலம், யாரும் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை. திடீரென்று 1.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் சூரியனின் மீதிப் பகுதி முழுவதும் தருவதைப் போல 20,000 மடங்கு ரேடியோ அலை ஒரே இடத்திலிருந்து பாய்ந்தது. பூமியின் பகல் பக்கத்தில் ஜி.பி.எஸ். கருவிகள் பல, சில நிமிடங்களுக்குச் செயற்கைக்கோள்களைத் தவறவிட்டன.

ஆராய்ந்து பார்த்தபோது அந்தப் பாய்ச்சல் மேலே சொன்ன ஊசிமுனைத் துடிப்புகளால் ஆனது என்று தெரிந்தது. அதில் பெரும்பகுதி வலம்புரி.

இங்கேதான் வினை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலையும் வலம்புரி! அதை வாங்கும் ஆன்டெனாவை வலம்புரியை ஏற்று இடம்புரியைத் தள்ளும்படிதான் செய்திருப்பார்கள். தரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பும் அலை பெரும்பாலும் இடம்புரியாக மாறிவிடும் என்பதால் அதை வடிகட்ட வசதி. அதே வாசல் வழியாகத்தான் சூரியன் நுழைந்துவிட்டது. அன்றைக்கு அதே பலத்தில் ஆனால் இடம்புரியாக வந்திருந்தால் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கும். அந்தக் கரும்புள்ளிக்கு மேலே காந்தம் எந்தப் பக்கம் பார்த்தது என்ற ஒரு சின்ன விஷயம், பூமியில் கப்பல்களும் விமானங்களும் நம்பியிருக்கும் கருவி வேலை செய்யுமா இல்லையா என்பதைத் தீர்மானித்தது.

எனவே ‘எத்தனை பெரிய வெடிப்பு?’ என்று மட்டும் கேட்டால் போதாது. எந்த அதிர்வெண்ணில், எந்தச் சுழற்சியில் என்றும் கேட்க வேண்டும். 2015 நவம்பர் 4 அன்று ஸ்வீடனில் விமானப் போக்குவரத்து ரேடார்களைத் தடுமாற வைத்த வெடிப்பும் எக்ஸ்-கதிர் அளவில் நடுத்தரம்தான். ஆனால் ரேடார் கேட்கும் அலைவரிசையில் அது பலமாகக் கத்தியது.

இன்னும் அவிழாத முடிச்சுகள்

எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வகை 3 வெடிப்பு பல சமயம் இரட்டையாக வரும். பிளாஸ்மாவின் அடிப்படை அதிர்வெண்ணில் ஒன்று, அதன் இரு மடங்கில் இன்னொன்று. அடிப்படையில் பிறப்பது சாதாரண அலையாக மட்டும்தான் வெளியே வர முடியும் என்பது கணக்கு. அசாதாரண அலைக்கு அந்த இடத்தில் வழியே கிடையாது. அப்படியானால் அது 100 சதவீதம் வட்டத் தளவிளைவு கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஆஸ்திரேலியாவில் பதிவான ஏராளமான வெடிப்புகளை டல்க், சுசூகி இருவரும் 1980இல் அலசியபோது கிடைத்த சராசரி சுமார் 35 சதவீதம். இரு மடங்கு அலையில் சுமார் 11. மீதி எங்கே போயிற்று?

வரும் வழியில் தொலைந்திருக்க வேண்டும். கரோனாவின் மேடு பள்ளங்களில் பட்டுச் சிதறி வரும்போது சுழற்சி கலைகிறது என்பது ஒரு கருத்து. சிதறல் எவ்வளவு மோசம் என்பதற்கு 2017இல் ஒரு நேரடிச் சாட்சி கிடைத்தது. நெதர்லாந்தை மையமாகக் கொண்ட லோஃபார் தொலைநோக்கியால் 3பி வெடிப்பின் ஒவ்வொரு கோட்டையும் தனியாகப் படம் எடுத்தார்கள். அதிர்வெண்ணில் அவ்வளவு மெல்லிய கோடு மிகச் சிறிய இடத்திலிருந்துதான் வர முடியும். ஆனால் படத்தில் தெரிந்ததோ சூரிய வட்டில் பாதிக்கு மேல் அகலமுள்ள ஒரு குமிழ்! மார்கழிப் பனியில் தெருவிளக்கு பெரிய வெளிச்ச உருண்டையாகத் தெரிவது போல. எவ்வளவு பெரிய தொலைநோக்கி கட்டினாலும் இந்தப் பனிமூட்டம் விலகாது. ஆனால் நிறமாலையின் நுண்கோடு அதில் முழுதாக அழிவதில்லை. படம் மறைப்பதை நிறமாலை காட்டிக்கொடுக்கிறது.

இன்னொரு முடிச்சு இந்தியாவிலிருந்து. சூரியனிலிருந்து வரும் மீட்டர் அலைகளில் நேர்கோட்டுத் தளவிளைவு இருக்கவே முடியாது என்பது பல ஆண்டு நம்பிக்கை. காரணம் ஃபாரடே சுழற்சி. காந்தப்புலம் உள்ள பிளாஸ்மாவில் போகும் அலையின் தளம் திரும்பிக்கொண்டே போகும், அதிர்வெண்ணுக்கு அதிர்வெண் வேறு அளவில். எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது கணக்கு. இந்த நம்பிக்கையை வைத்தே கருவிகளின் பிழையைத் திருத்துவதும் உண்டு: நேர்கோட்டுத் தளவிளைவு தெரிந்தால் அது கருவியின் கோளாறு என்று கழித்துவிடுவார்கள். புனே தேசிய ரேடியோ வானியற்பியல் மையத்தின் ஆய்வாளர்கள், ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் தொலைநோக்கியையும் புனேக்கு அருகிலுள்ள ஜி.எம்.ஆர்.டி.யையும் வைத்துப் பார்த்ததில் நேர்கோட்டுத் தளவிளைவு நிஜமாகவே இருப்பதாக 2025இல் அறிவித்திருக்கிறார்கள். இரண்டு வேறு கருவிகள் ஒரே பதிலைச் சொல்லும்போது கருவிக் கோளாறு என்று ஒதுக்குவது கடினம். கோளாறு என்று கழித்த பழைய பதிவுகளில் எத்தனை நிஜமான செய்தி போயிற்றோ!

கர்நாடகத்தின் கௌரிபிதனூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆன்டெனாக்கள் 1990களிலிருந்து சூரியனை ரேடியோவில் படம் எடுத்து வருகின்றன. அங்கே வட்டத் தளவிளைவை அளக்கத் தனிக் கருவியும் உண்டு. எத்தனை சதவீதம் என்பதிலிருந்து கரோனாவின் நடுப்பகுதியில் காந்தப்புலம் சில காஸ் என்ற அளவில் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்தச் சில காஸ் எதற்கு என்று கேட்கலாம். சூரியனிலிருந்து ஒரு பிளாஸ்மா மேகம் பூமியை நோக்கிக் கிளம்பினால், அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால்தான் அது பூமியின் காந்தக் கவசத்தைத் திறந்து உள்ளே நுழைந்து மின்கட்டமைப்புகளைப் பதம் பார்க்கும். வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் தப்பித்தோம். மேகம் கிளம்பிவிட்டது என்பது உடனே தெரிகிறது. ஆனால் அது எந்தப் பக்கம் என்பது, 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் செயற்கைக்கோள்களை அது தொடும்போதுதான் உறுதியாகத் தெரியும். அப்போது கையில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு மணி நேரம், சில சமயம் அதுவும் இல்லை. சூரியனுக்குப் பக்கத்திலேயே அதைப் படித்துவிட முடிந்தால் ஒன்றிரண்டு நாள் கிடைக்கும். அதற்கான சில வழிகளில் ஒன்றுதான் இந்த வலம்புரி, இடம்புரிக் கணக்கு. அது இன்னும் முடிந்தபாடில்லை. அந்த 35 சதவீதத்துக்கே யாரும் முழுப் பதில் சொல்லவில்லை. இயற்பியல் படிப்பவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், கணக்கைத் தொடர இடம் காலியாகத்தான் இருக்கிறது.